கோழிக் கூண்டில் நள்ளிரவுக் கொள்ளை! பொறியில் சிக்கியது யார்?

சென்னை புறநகரில் கோழி வளர்க்கும் வீடுகளில் இப்போது நிம்மதியான தூக்கம் இல்லை. சாயங்காலம் எண்ணி அடைத்த கோழிகள், விடிந்து எண்ணினால் குறைகின்றன. பூட்டு உடைக்கப்படவில்லை. கதவு பெயர்க்கப்படவில்லை. தெரு நாய் கூடக் குரைக்கவில்லை.

ஆனால் கூண்டுக்குள் ரத்தம். சுற்றிலும் இறகு.

திருடன் சுவர் ஏறி வருகிறான். கேபிள் கம்பி மேல் நடக்கிறான். தென்னை மட்டையில் இருந்து ஓட்டுக்குத் தாவுகிறான். அவனுக்கு நாலு கால், நீளமான வால். பெயர் மரநாய்!

அவன் தனி ஆள் அல்ல. கீரி, பெருச்சாளி, காட்டுப்பூனை, சாரைப்பாம்பு, பருந்து, தெரு நாய் என்று ஒரு கும்பலே இருக்கிறது. மில் தொழிலாளி மாதிரி ஷிப்டு போட்டு வேலை பார்க்கிறார்கள். கீரிக்கும் பருந்துக்கும் பகல் ஷிப்டு. மரநாய்க்கும் பெருச்சாளிக்கும் ராத்திரி ஷிப்டு. நாய்க்கு நேரம் காலம் கிடையாது.

வண்டலூர் காடு, நன்மங்கலம் காடு, பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஆகியவற்றை ஒட்டி வீடுகள் வந்து விட்டன. அதனால்தான் இந்தத் தொல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். மரநாய்க்குக் காடே தேவை இல்லை. மயிலாப்பூர் பழைய வீட்டு மச்சு போதும்; அடையாறு பங்களா மாமரம் போதும். நகரத்துக்கு நடுவிலேயே அது தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்துகிறது. வாடகைதான் கொடுப்பதில்லை!

ஒரே ராத்திரியில் 9 கோழி

பெருங்களத்தூர் பக்கம் ஓர் அம்மாள். கணவர் இல்லை. தையல் மிஷின்தான் குடும்பத்தை ஓட்டுகிறது. மகள் காலேஜில் படிக்கிறாள். துணி தைத்து வரும் காசு சாப்பாட்டுக்குச் சரியாகப் போய்விடும். மகளுடைய பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் கோழிதான் கை கொடுத்தது.

11 நாட்டுக்கோழிகள். முட்டை ஒன்று 15 ரூபாய் என்று தெருவிலேயே விற்றுப் போகும். பண்டிகை வந்தால் சேவலுக்கு நல்ல விலை. பின்பக்கச் சுவர் ஓரம் நாலு மரச் சட்டம் நட்டு, கோழி வலை அடித்து, மேலே தகரம் போட்டிருந்தார்.

ஒரு நாள் காலை கதவைத் திறந்தவர் அலறி விட்டார். 9 கோழிகள் செத்துக் கிடந்தன. ஒன்றை மட்டும் ஏதோ பாதி தின்றிருந்தது. மற்ற எட்டும் கழுத்தில் கடிபட்டு அப்படி அப்படியே கிடந்தன. மிச்சம் இருந்த இரண்டும் மூலையில் ஒடுங்கி நடுங்கிக் கொண்டிருந்தன.

அம்மாளுக்குச் சந்தேகம் யார் மேல் வந்தது தெரியுமா? அடுத்த வீட்டு வாலிபன் மேல்! முதல் வாரம்தான் "கோழி கூவுது, தூங்க முடியல" என்று அவன் சத்தம் போட்டிருந்தான். போதாதா?

"வயித்தெரிச்சல்ல அடிச்சுப் போட்டுட்டான்" என்று அம்மாள் தெருவில் நின்று கத்தினார்.

"ஏங்க அக்கா, எம்புள்ள கறி தின்னுவான். கோழியைக் கொன்னு போட்டுட்டு வர்றவன் இல்ல" என்று வாலிபனின் தாயார் அழுதார்.

போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போகிற நிலைமை. பத்து வருடமாக ஒருவர் வீட்டுக் குழம்பை ஒருவர் ருசி பார்த்த இரண்டு குடும்பமும் முகம் பார்ப்பதை நிறுத்தி விட்டன.

துப்பு துலக்கிய பெரியவர்

விவகாரத்தைத் தீர்த்து வைத்தவர் எலி பிடிக்க வந்த ஓர் இருளர் பெரியவர். (பாம்பு, எலி விஷயத்தில் இருளர்களை மிஞ்ச ஆள் இல்லை. மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் 1978-ல் இருந்து நடக்கிறது. பாம்புக்கடி மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள் அவர்கள்தான்.)

பெரியவர் கூண்டைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். தகரத்தைத் தூக்கிப் பார்த்தார். சிரித்தார்.

"ஏம்மா, ஆளு வந்திருந்தா செத்த கோழிய உட்டுட்டுப் போவானா? எட்டு கோழி என்னா வெல!" என்றார்.

தகரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே நாலு விரல் சந்து. அதில் சாம்பல் நிற ரோமம் ஒட்டி இருந்தது. மதில் மேல் எச்சம், அதில் பழக்கொட்டை. மரநாய் வேலை என்று அடித்துச் சொல்லி விட்டார்.

தின்ன முடியாத அளவுக்கு ஏன் கொல்ல வேண்டும்? வெறியா? இல்லை. வெளியில் ஒரு பறவையை அமுக்கினால் மற்றது எல்லாம் பறந்து விடும்; வேட்டை அதோடு முடிந்தது. கூண்டுக்குள் பறக்க இடம் இல்லை. எதிரே சிறகு அடித்துக் கொண்டே இருந்தால் கடிக்கிற வாய் நிற்பதில்லை. கோழிக்கோ மாலைக்கண். இருட்டி விட்டால் கண் தெரியாமல் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். கையில் எடுத்துக் கொடுத்த மாதிரி!

யார் வந்தது என்று கண்டுபிடிக்கக் கைரேகை நிபுணர் தேவை இல்லை. தடயமே பேசும். இறகு தெரு முழுக்க இறைந்து, செத்த கோழி நாலு இடத்தில் கிடந்தால் நாய். முட்டை ஓடு கூட இல்லாமல் மாயமானால் பாம்பு. அது முழுசாக விழுங்கி விடும். தரையில் புது வளையும் மண் குவியலும் இருந்தால் பெருச்சாளி. பட்டப்பகலில் தாய்க்கோழி கத்தி, ஓடி வந்து பார்ப்பதற்குள் குஞ்சு போயிருந்தால் வானத்தைப் பாருங்கள், பருந்து வட்டமிடும். வானத்தில் ஒன்றும் இல்லை என்றால் வேலிப் புதரைப் பாருங்கள். கீரி உள்ளே இருக்கும்.

கருவாடு வைத்தார்கள்

அம்மாளின் தம்பிக்கு ஆத்திரம் தீரவில்லை. பாரிமுனைக்குப் போய்ப் பெரிய கூண்டுப்பொறி வாங்கி வந்தார். உள்ளே கருவாட்டைக் கட்டித் தொங்க விட்டார். மாமன் மச்சான் எல்லாம் மொட்டை மாடியில் காவல்.

முதல் ராத்திரி 'டப்' என்று கதவு விழுந்தது. எல்லோரும் கம்போடு ஓடினார்கள். உள்ளே சிக்கியிருந்தது எதிர் வீட்டு வாத்தியார் வளர்க்கும் பூனை! காலையில் வாத்தியார் வந்து போட்ட சண்டை தனிக் கதை.

இரண்டாம் ராத்திரி பெருச்சாளி. மூன்றாம் ராத்திரிதான் உண்மையான ஆசாமி மாட்டினான். ஆசாமி அல்ல, ஆசாமிச்சி! பால் கட்டிய மடி. குட்டிகள் எங்கோ மச்சில் தவித்துக் கொண்டிருந்தன.

தெரு முழுக்கக் கூடி விட்டது. செல்போனில் படம் எடுத்தார்கள். கம்பால் குத்தினார்கள். கம்பி வழியாக விரலை நீட்டிய ஒரு சிறுவனை அது 'வெடுக்' என்று கடித்து விட்டது.

அதற்குப் பிறகு கோழியை யார் நினைத்தார்கள்? பையனைத் தூக்கிக் கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நாய்க்கடிக்குப் போடுகிற அதே வெறிநோய் தடுப்பு ஊசி, 4 தடவை. பாலூட்டும் பிராணி எது கடித்தாலும் டாக்டர்கள் இதைத்தான் யோசிப்பார்கள். காரணம், வெறிநோய் வந்து விட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. கடிபட்ட உடனே குழாயைத் திறந்து விட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு ஆஸ்பத்திரி. இந்தத் தெருவில் மஞ்சள் தூள் அப்பினார்கள். நல்ல வேளை, ஒரு நர்ஸ் திட்டிக் கழுவி விட்டார்.

வந்தது வனத்துறை ஜீப்

படம் எடுத்தவர்களில் யாரோ அதை வாட்ஸ்அப்பில் போட்டு விட்டார்கள். மத்தியானம் வனத்துறை ஜீப் வந்து நின்றது. மாமன் மச்சான்களில் பாதிப் பேர் காணாமல் போனார்கள்.

மரநாய் காட்டு விலங்கு. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. கீரி, காட்டுப்பூனை, சாரை, நல்ல பாம்பு, பருந்து எல்லாவற்றுக்கும் இதே காவல்தான். கீரி ரோமத்தில் செய்த ஓவியப் பிரஷ் விற்றால் கூடக் குற்றம்!

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. இந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்றால் கொல்வது மட்டும் அல்ல. பிடிப்பது வேட்டை. கண்ணி வைப்பது வேட்டை. பொறி வைப்பது, விஷம் வைப்பது, இரை காட்டி இழுப்பது எல்லாமே வேட்டை. முயற்சி செய்தாலே போதும். சட்டம் 2022-ல் திருத்தப்பட்டபோது, பொதுவான குற்றங்களுக்கு உச்சபட்ச அபராதம் 25 ஆயிரத்தில் இருந்து 1 லட்சம் ரூபாய் ஆனது. ஜெயிலும் உண்டு. எலிக்குத்தான் இந்தப் பாதுகாப்பு கிடையாது. எலிக்கு வைத்த கூண்டு என்று சொல்லலாமே என்றால், எலிக்கு அவ்வளவு பெரிய கூண்டு எதற்கு என்று அதிகாரி கேட்பார்.

இந்த வீட்டில் அதிகாரி எச்சரித்து விட்டுப் போனார். தாய் மரநாயை அன்று இருட்டியதும் அதே தெருவிலேயே திறந்து விட்டார்கள். "கொண்டு போய்க் காட்டுல உடக் கூடாதா சார்?" என்று தம்பி கேட்டார்.

"காட்டுல ஏற்கெனவே வேற மரநாய் இருக்கும்பா. இது அங்க போனா அடிபட்டுச் சாகும். இங்க குட்டி பட்டினியில சாகும். நாளைக்கு அந்த எடத்துக்கு இன்னொண்ணு வரும். உனக்கு என்ன லாபம்?" என்றார் அதிகாரி.

அவர் சொன்னதில் கடைசி வார்த்தைதான் முக்கியம். பொறி வைத்துப் பிடிக்கிற இடத்தில் எல்லாம் இதுவே நடக்கிறது. தண்ணீர், எலி, பழமரம், ஏறிப் படுக்க மச்சு எல்லாம் இருக்கிற இடம் காலியாக இருக்காது. ஒரு குடித்தனம் காலி செய்தால் அடுத்த குடித்தனம் பெட்டி படுக்கையோடு வந்து விடும்.

விஷம் வைப்பது இன்னும் மோசம். செத்த எலியைத் தின்று வீட்டு நாய் சாகிறது. சில சமயம் கோழியே சாகிறது. வேலிக் கம்பியில் கரண்டு விடுகிற மகானுபாவர்களும் இருக்கிறார்கள். அதில் மனிதர்கள் மாட்டிச் செத்ததும், வைத்தவர் கொலை வழக்கில் உள்ளே போனதும் தமிழ்நாட்டில் பல தடவை நடந்தவை.

வெளிநாட்டிலும் இதே கதைதான்

சென்னையில் இருந்து அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போய்க் குடியேறிய பிள்ளைகள் சிலர் அங்கே கொல்லையில் கோழி வளர்க்கிறார்கள். அவர்களைக் கேட்டால் 'ராக்கூன்' என்று பெருமூச்சு விடுவார்கள். நம்ம ஊர் மரநாய்க்கு உறவு இல்லை என்றாலும் தொழில் அதே தொழில். கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. சினிமாத் திருடன் முகமூடி போட்ட மாதிரி.

அதற்குக் கை உண்டு! முன்னங்கால் விரல்களால் கொண்டியை நீக்கும். குமிழைத் திருகும். கோழி வலைக்குள் கையை விட்டு, தூங்குகிற கோழியின் தலையைப் பிடித்து இழுக்கும். டொராண்டோ நகரத்தில் குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கிறது என்று 3 கோடியே 10 லட்சம் கனடா டாலர் செலவில் 2016-ல் பூட்டு வைத்த புதுத் தொட்டி கொடுத்தார்கள். சில ராக்கூன் அதையும் திறந்து காட்டி விட்டது.

அங்கேயும் பொறி வைத்துப் பார்த்தார்கள். அந்த நகரம் உள்ள ஒண்டாரியோ மாகாணத்தில் உயிரோடு பிடித்த பிராணியை, பிடித்த இடத்தில் இருந்து 1 கிலோமீட்டருக்குள்ளேயே விட வேண்டும் என்பது சட்டம். தூரத்தில் கொண்டு போய் விட்டால் நோயும் கூடப் போகும். ஆகவே விவரம் தெரிந்த கோழிக்காரர்கள் பொறிக்குச் செலவழிக்கிற காசைக் கூண்டில் போடுகிறார்கள்.

வலையில்தான் ஏமாறுகிறார்கள்

கடையில் 'கோழி வலை' என்று கேட்டால் ஆறு மூலைக் கண் வைத்த மெல்லிய கம்பி வலை கொடுப்பார்கள். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது கோழி வெளியே போகாமல் இருக்கத்தான். திருடன் உள்ளே வராமல் இருக்க அல்ல! நாய் ஒரு இழுப்பில் கிழித்து விடும். பெருச்சாளி கடித்து வழி பண்ணும். குட்டிக் கீரி கிழிக்காமலே நுழையும்.

கேட்க வேண்டியது வெல்டு மெஷ். சதுரக் கண், அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். விலை கூடுதல்தான். முழுக் கூண்டுக்கும் முடியாவிட்டால் கோழி ராத்திரி அடையும் பெட்டிக்கு மட்டுமாவது போடலாம். தலை நுழைந்தால் உடம்பு நுழையும் என்பதுதான் கணக்கு. மரநாய் வந்தது கதவு வழியாக அல்ல, தகரத்துச் சந்து வழியாக என்பதை மறக்கக் கூடாது.

அடுத்தது தரை. சிமெண்டு தளம் நல்லது. கடப்பைக் கல் பரப்பினாலும் போதும். இரண்டும் முடியாதவர்கள் மெஷ்ஷைச் சுவர் ஓரமாக வெளிப்பக்கம் ஒரு அடி அகலத்துக்குப் படுக்கப் போட்டு மண்ணை மூடி விடலாம். பெருச்சாளியும் நாயும் சுவரை ஒட்டித்தான் தோண்டும். ஒரு அடி பின்னால் போய்த் தோண்டலாமே என்கிற யோசனை அதுகளுக்கு வருவதில்லை.

கதவுக்குக் கயிறு கட்டுவது, செங்கல் முட்டுக் கொடுப்பது எல்லாம் வேண்டாம். நல்ல நாதாங்கி, அதில் ஒரு கொக்கி. நம்ம ஊரில் ராக்கூன் இல்லை. ஆனால் மூக்கால் தள்ளித் திறக்கும் நாய் உண்டு. கூண்டு மேல் சாய்ந்திருக்கும் தென்னை மட்டையையும் மாங்கிளையையும் வெட்டி விட்டால் மரநாயின் பாலம் அறுந்தது.

இதை எல்லாம் செய்து விட்டுச் சாயங்காலம் 6 மணிக்கு மிச்சச் சோற்றைக் கூண்டு வாசலில் கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். சோற்றுக்கு எலி வரும். எலிக்குப் பாம்பு வரும். பாம்புக்குக் கீரி வரும். கீரி வந்த இடத்தில் கோழியைப் பார்க்கும். விருந்து வைத்தது யார்? தீனியை மூடி போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். முட்டையை அன்றன்றே எடுத்து விட வேண்டும்.

பகலில் மேய விடுகிறவர்களுக்குக் குஞ்சுதான் கவலை. அதற்குப் பாட்டி காலத்துப் பஞ்சாரத்தை மிஞ்சிய கண்டுபிடிப்பு இன்னும் வரவில்லை. மூங்கில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே ஒரு அம்மிக் குழவியை வைத்தால் பருந்தும் வராது, காக்காயும் வராது. குஞ்சு கொஞ்சம் பெரிதானதும் திறந்த இடத்துக்கு மேலே பழைய மீன் வலையைக் கட்டலாம். காசிமேட்டில் கிழிந்த வலை சல்லிசாகக் கிடைக்கும். வலையைத் தரை வரைக்கும் தொங்க விடாதீர்கள். அதில் பாம்பு மாட்டிக் கொண்டு சாகிறது. எடுக்கப் போனவர் கடி வாங்குகிறார்.

பாம்பு வந்தால் நீங்களே கம்பைத் தூக்க வேண்டாம். தீயணைப்பு நிலையத்துக்கு 101 போன் செய்தால் பிடிக்க ஆள் வருவார்கள். மச்சில் மரநாய் குட்டி போட்டிருந்தால் உடனே சந்தை அடைக்காதீர்கள். தாய் வெளியே, குட்டி உள்ளே என்று ஆனால் ஓட்டைப் பிய்த்துக் கொண்டு வரும். குட்டிகள் தாயோடு வெளியே நடமாடத் தொடங்கிய பிறகு, ராத்திரி எல்லாம் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து அடைக்க வேண்டும். இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டியிருக்கும். அதுவரை எலித் தொல்லை இருக்காது என்பது வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் வாடகை!

மணி அடிக்கும் காவல்காரன்

காவலுக்கு நாய் வளர்க்கலாம். நாயே கோழியைப் பிடிக்காமல் பழக்க வேண்டும், அதுதான் சிரமம். அதனால் சிலர் கினிக்கோழி வாங்கி விடுகிறார்கள். சாம்பல் உடம்பில் வெள்ளைப் பொட்டு வைத்த பறவை. புது ஆள், புது நாய், பாம்பு எது வந்தாலும் ஊரைக் கூட்டி விடும். சம்பளம் கேட்காத கூர்க்கா!

பெருங்களத்தூர் தெருவிலும் ஒருவர் ஒரு ஜோடி வாங்கி விட்டார். வாங்கியவர் வேறு யாரும் அல்ல, பூனைக்காகச் சண்டை போட்ட எதிர் வீட்டு வாத்தியார். காக்காய் நிழல் விழுந்தாலும் கத்துகிறது. "கோழி கூவுதுன்னு நான் சொன்னப்ப எல்லாரும் என்னைத் திட்டினீங்களே" என்று அந்த வாலிபன் தையல்கார அம்மாளிடமே வந்து முறையிட்டிருக்கிறான். "அதானேப்பா, எனக்கும்தான் தூக்கம் போச்சு" என்றாராம் அம்மாள். இருவரும் சேர்ந்து வாத்தியாரிடம் பேசப் போகிறார்கள்.